அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டினால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பு

அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டினால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பு என்பது, இந்த நுண்ணுயிர் எதிர்ப்பிக் கூட்டு மருந்தை உட்கொள்வோரில் மிகச் சிலருக்குத் தோன்றும் பக்க விளைவு ஆகும். 1981 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் அறிமுகமான இம்மருந்து, சுவாசப்பாதை, காது, சிறுநீர்ப்பாதை ஆகியவற்றின் தொற்றுகளுக்கு வழங்கப்படுகின்றது. 2013 ஆம் ஆண்டில் வெளியான ஐசுலாந்து நாட்டு ஆய்வொன்றில், இதனை உட்கொண்டோரில் ஏறத்தாழ 2,350 பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டமை கண்டறியப்பட்டது.

காரணம்

அமாக்சிசிலினைச் சிதைக்கும் பாக்டீரிய நொதியத்தைக் கிளாவுலானிக் அமிலம் செயலிழக்கச் செய்கின்றது. அமாக்சிசிலினை மட்டும் உட்கொள்வோரில் இப்பாதிப்பு மிக அரிது என்பதால், கிளாவுலானிக் அமிலமே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது. முதியோரிலும் ஆண்களிலும் சில மரபணு வகைகளைக் கொண்டோரிலும் இது கூடுதலாகக் காணப்படுகின்றது.

அறிகுறிகள்

பித்தநீரோட்டம் தடைப்படுவதால் மஞ்சள் காமாலை, தோல் அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், களைப்பு ஆகியன தோன்றும். மருந்தை உட்கொண்டு முடித்துச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் இவை வெளிப்படலாம். நோயாளி முடிந்துபோன அம்மருந்தைக் குறிப்பிடாதபோது, பித்தக்கல் போன்ற வேறு நோயாகத் தவறாகக் கருதப்படக்கூடும். எனவே, முந்தைய இரு மாதங்களில் உட்கொண்ட மருந்துகளைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

விளைவு

மருந்தை நிறுத்திய பின் பெரும்பாலோர் ஓரிரு மாதங்களில் குணமடைகின்றனர். கல்லீரல் செயலிழப்பும் இறப்பும் அரிதாகவே நேர்கின்றன. ஒருமுறை பாதிக்கப்பட்டோர் இம்மருந்தை மீண்டும் உட்கொள்ளுதல் கூடாது.