எரிகாயம் ஆறுவதற்குச் சேலைன் மட்டும் போதுமா?

எரிகாயப்பட்ட ஒருவரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் செல்லும் உறவினர்கள், கட்டிலருகே தொங்கும் போத்தலைக் கண்டதும் ஆறுதலடைகின்றனர். "சேலைன் ஏறுது, இனி ஆளுக்குத் தெம்பு வந்திடும்" என்கின்றனர். வீடு திரும்பிய பின்னரோ மீன், முட்டை, கருவாடு யாவும் கிரந்தி, காயம் சீழ் வைக்கும் என்று விலக்கி, வெறுங்கஞ்சி கொடுக்கின்றனர். இந்த இரண்டு எண்ணங்களும் சேர்ந்து நோயாளியைப் பட்டினி போட்டுவிடுகின்றன. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

தீ உடலுக்குள் செய்யும் வேலை

தோல் எரிந்த இடத்தினூடாக நீரும் புரதமும் வெளியேறுகின்றன. காயம் பெரிதாயின் உடல் அசையாது படுத்திருக்கும்போதே வழமையைவிட ஒன்றரை மடங்கு, சிலவேளை இரு மடங்கு சக்தியைச் செலவிடும். புதுத் தோல் வளரவும் கிருமிகளை எதிர்க்கவும் புரதம் வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோர்க்கப்பட்ட மாலை போன்றது. அவற்றுள் 20 வகை உண்டு. 9 வகையை உடலால் ஆக்க முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

உணவில் கிடைக்காவிடின் உடல் தனது தசையையே கரைத்து அவற்றை எடுக்கிறது. விதை நெல்லைக் குத்திச் சமைப்பது போன்ற செயல் இது. அன்றைய பசி தீரும்; அடுத்த போகத்துக்கு விதை இராது. கரைந்த தசையிலுள்ள நைதரசன் யூரியாவாக மாறிச் சிறுநீரோடு போய்விடுகிறது. நாம் வயலுக்கு வீசும் அதே யூரியாதான். எலும்பு முறிந்தவர்களிடம் இந்த இழப்பை 1930களில் கிளாஸ்கோ நகரில் அளந்து காட்டியவர் டேவிட் கத்பேட்சன் என்ற மருத்துவ அறிஞர். எரிகாயத்தில் இவ்விழப்பு மிகக் கடுமையானது.

போத்தலில் இருப்பது என்ன?

சாதாரண சேலைன் ஒரு லீற்றரில் இருப்பது 9 கிராம் உப்பும் நீருமே. ஐந்து வீதக் குளுக்கோசுப் போத்தல் ஒரு லீற்றரில் 50 கிராம் குளுக்கோசு உண்டு. அது தருவது ஏறத்தாழ 200 கலோரி மட்டுமே. எரிகாயப்பட்டவருக்கோ நாளொன்றுக்கு 2000 கலோரிக்கு மேலும் தேவைப்படலாம். முதல் நாட்களில் இழந்த நீரை ஈடுசெய்து உயிரைக் காப்பது இந்தப் போத்தல்தான். ஆனால் அது உணவு அன்று.

நாளத்தினூடாக முழு உணவையும் ஏற்றும் முறையும் உண்டு. அமினோ அமிலம், குளுக்கோசு, கொழுப்பு, விற்றமின், கனியுப்பு எல்லாம் அதில் அடங்கும். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்றிக்கும் அவருடைய குழுவினரும் நாய்க்குட்டிகளை இம்முறையால் மட்டுமே வளர்த்துக் காட்டினர். பின்னர் குடல் இயங்காத ஒரு பச்சிளங் குழந்தைக்கும் அவ்வாறே ஊட்டினர். அது பெரிய சாதனை. எனினும் செறிவான அக்கரைசலை இதயத்துக்கு அண்மையிலுள்ள பெரிய நாளத்திலேயே செலுத்த வேண்டும். அவ்வழியே கிருமி புகுந்தால் ஆபத்து. பயன்படாத குடலும் பலவீனமடையும். கடும் எரிகாயக்காரருக்கு வாய்வழி உணவோடு நாளவழி உணவையும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு அதிகரித்ததை, 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே குடல் இயங்குமாயின் குடல்வழியே உணவு என்பதே இன்றைய மருத்துவ முறை. விழுங்க முடியாதவருக்கு மூக்கினூடாகக் குழாய் விட்டு, முதல் நாளிலிருந்தே ஊட்டத் தொடங்குகின்றனர். குடல் இயங்காதபோது மட்டும் நாளவழி உணவு கைகொடுக்கிறது.

குளூற்றமைன் என்ற அமினோ அமிலத்தைத் தனியே கொடுத்தால் விரைவில் குணமாகும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஏறத்தாழ 1200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், அதனால் எவரும் விரைவில் வீடு திரும்பவில்லை என்பது தெரிந்தது. எனவே மாட்டை விற்று விலையுயர்ந்த சத்துமா ரின் வாங்க எண்ணுபவர்கள், முதலில் வைத்தியரிடம் கேட்பது நன்று.

அடுப்படியில் உள்ள மருந்து

50 கிலோ நிறையுள்ள ஒருவருக்குச் சாதாரண காலத்தில் நாளொன்றுக்கு 40 கிராம் புரதம் போதும். பெரிய எரிகாயத்தின் பின் 75 முதல் 100 கிராம் வரை வேண்டும். இதனை எப்படித் தேடுவது? 300 கிராம் அரிசியில் சுமார் 20 கிராம், 100 கிராம் பருப்பில் 24 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம். கூட்டினால் 76 கிராம். மீனும் முட்டையும் கிடைக்காத நாட்களில் பயறு, உளுந்து, கடலை, நெத்தலிக் கருவாடு ஆகியன உதவும். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்பதில் இந்த நன்மை இருக்கிறது. நிவாரணத்தில் கிடைக்கும் பருப்பை விற்றுவிட்டு அரிசியும் சீனியும் மட்டும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

பத்தியத்தை நாம் இகழவில்லை. குறித்த ஓர் உணவால் முன்பு தடிப்போ கடியோ ஏற்பட்டிருந்தால் அதை மட்டும் விலக்குங்கள். எல்லாவற்றையும் விலக்கினால் காயம் ஆறாது. சீழ் வைப்பது கிருமியினாலேயே. புரதம் குறைந்த உடலில் கிருமி எளிதில் வெல்லும். ஒரேயடியாக உண்ண இயலாதவருக்குச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுங்கள். சிறுவர்களுக்கு நிறைக்கேற்பப் பெரியவர்களைவிடக் கூடுதலான புரதம் தேவை. சிறுநீரக நோயாளர் வைத்தியர் சொற்படியே நடக்கவேண்டும். வீடு திரும்பிய பின்னும் பல மாதங்களுக்கு இந்தக் கவனம் தேவை. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நிறையைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

தீ விபத்துக்களைத் தடுப்பதே எல்லாவற்றிலும் மேலானது. நமது நாட்டில் கவிழ்ந்த குப்பி விளக்குகளால் எரிந்தவர் பலர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, பாரமான, எளிதில் உருளாத, திருகு மூடியுள்ள பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார். மண்ணெண்ணெய் விளக்கை இன்றும் பாவிப்போர் அகன்ற அடியுள்ள விளக்கையே தெரிவுசெய்து, பாயிலும் நுளம்புவலையிலும் இருந்து தள்ளி வையுங்கள். எரிந்துவிட்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாது, 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் பிடித்து, சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே நோயாளி உண்ணலாம் என்று வைத்தியர் சொன்னதும், பருப்பும் முட்டையும் சேர்ந்த சோற்றுப் பார்சலோடு போய்ப் பாருங்கள்.