நாடக வகுப்புக்கு ஏற்ற காணொலி மென்பொருள் எது?

பெங்களூரு நகரின் நாடக வாழ்க்கை சில அரங்குகளைச் சுற்றியே வளர்ந்து வந்துள்ளது. தாகூர் நூற்றாண்டின் நினைவாக 1960களின் தொடக்கத்தில் எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்ரா நகரின் நடுவிலும், மறைந்த நடிகர் சங்கர் நாக்கின் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று உருவாக்கி 2004இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா தெற்கே ஜே.பி. நகரிலும், ஜாக்ருதி அரங்கு கிழக்கே ஒயிட்ஃபீல்டிலும் அமைந்துள்ளன. இவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாலை நேரத்தில் போய்ச் சேர்வதே பெரும்பாடாகிவிட்ட இந்நகரத்தில், 2020 மார்ச்சில் அரங்குகள் மூடப்பட்டபோது கட்டாயத்தின் பேரில் பரவிய இணையவழிக் கற்பித்தல், அரங்குகள் மீண்டும் திறந்த பின்னரும் நாடகம் பயில விரும்புவோருக்கு ஒரு வழியாக நிலைபெற்றதில் வியப்பில்லை.

இத்தகைய வகுப்பைத் தொடங்கும் ஆசிரியர் முதலில் எதிர்கொள்வது, எந்தக் காணொலிச் சந்திப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. விலை, பங்கேற்பாளர் எண்ணிக்கை, படத்தின் தெளிவு ஆகியவற்றை ஒப்பிட்டு முடிவெடுப்பதே பொதுவான வழக்கம். கணக்குப் பாடத்துக்கு இவ்வளவுகோல்கள் போதும், நாடகத்துக்குப் போதா. நடிகரின் குரலை அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதே இங்கு முதற்கேள்வியாக வேண்டும்.

ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ் ஆகியவை அடிப்படையில் அலுவலகக் கூட்டங்களை மனத்தில் கொண்டு உருவானவை. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் அவை ஒலியின்மீது மூன்று வேலைகளைச் செய்கின்றன. இரைச்சல் நீக்கம் என்பது, பேச்சு போலத் தோன்றாத ஒலிகளைக் கண்டறிந்து அடக்குவது. எதிரொலி நீக்கம் என்பது, ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் மீண்டும் மைக்கில் புகாமல் தடுப்பது. தானியங்கி ஒலிச்சீராக்கம் என்பது, மெல்லிய குரலை உயர்த்தியும் உரத்த குரலைத் தாழ்த்தியும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. அலுவலகத்துக்கு நன்மை செய்யும் இம்மூன்றும் நாடகப் பயிற்சியின் மூலப்பொருளையே அரித்துவிடுகின்றன. மூச்சை இழுத்துவிடும் ஓசை, தரையில் பாதம் பதியும் ஓசை, சலங்கை, மத்தளம், நீண்டொலிக்கும் முனகல் ஆகிய அனைத்தும் இரைச்சல் என்று கருதப்பட்டு மங்குகின்றன அல்லது துண்டுதுண்டாகக் கேட்கின்றன. இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவர் குரல் அமுங்குகிறது. முணுமுணுப்புக்கும் முழக்கத்துக்கும் இடையில் மாணவர் அரும்பாடுபட்டுப் பெற்ற வேறுபாடு, ஆசிரியரின் காதுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துபோகிறது. அவ்வாறு தேய்ந்த குரலைக் கேட்டுத் திருத்தம் சொல்லும் ஆசிரியர், மாணவரிடம் இல்லாத குறையைத் திருத்த முயலும் அபாயம் உண்டு.

ஆகவே ஒரு மென்பொருளில் என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைவிட, அதில் எவற்றை அணைத்து வைக்க முடியும் என்பதே நாடக ஆசிரியருக்கு முக்கியமானது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு உள்ளது. அதை இயக்கினால் மேற்சொன்ன குறுக்கீடுகள் பெரிதும் விலகி, மைக்கில் விழுந்த ஒலி ஏறக்குறைய அப்படியே போய்ச் சேரும். டீம்ஸிலும் இசைக்கென ஒரு தனி அமைப்பு உண்டு. ஆனால் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிட்டால் ஒவ்வொருவரும் காதொலிக்கருவி அணிந்தே தீரவேண்டும். அதுவும் கம்பியுள்ளதாக இருத்தல் நல்லது, ஏனெனில் புளூடூத் கருவிகள் தம் பங்குக்கு ஒலியைத் தாமதப்படுத்துவதோடு, அவற்றின் மைக்கைப் பயன்படுத்தும்போது ஒலித்தரத்தையும் பெரும்பாலும் குறைத்துவிடுகின்றன.

அணைக்கவே முடியாத ஒன்று தாமதம். காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். 10 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு நடிகர்களிடையே 29 மில்லிவினாடி, அதாவது வினாடியின் ஆயிரத்தில் 29 பங்கு, கழிகிறது. சேர்ந்து பாடுவோரும் தாளம் தட்டுவோரும் ஒத்திசைவு கெடாமல் தாங்கக்கூடிய எல்லையும் ஏறத்தாழ இதுவே. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சாதாரண உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது. பேச்சுக்குப் போதுமான அந்த அளவு கூட்டுக்குரலுக்குப் பல மடங்கு அதிகம். ஜே.பி. நகரில் இருப்பவரின் குரல் ஒயிட்ஃபீல்டில் இருப்பவரை நேராக அடைவதில்லை; மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள ஒரு சர்வருக்குச் சென்று திரும்பக்கூடும். எனினும் தூரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடி இழையில் 1,000 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மில்லிவினாடியே ஆகும். ஒலியைச் சுருக்குவது, விரிப்பது, தடுமாறும் இணைப்பைச் சமாளிக்கச் சிறிது சேர்த்துவைத்து வெளியிடுவது ஆகியவையே பெரும்பகுதி நேரத்தை விழுங்குகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்ட்ரிப் போன்ற இசைக்கலைஞர்களுக்கான மென்பொருள்கள் இத்தாமதத்தை வெகுவாகக் குறைக்கின்றன என்றாலும், கம்பிவழி இணையமும் தனி ஒலிக்கருவியும் அவற்றுக்குத் தேவைப்படுவதால் கைப்பேசியில் பயிலும் மாணவருக்கு அவை எட்டா.

கோரஸ் எனப்படும் கூட்டுக்குரல் பயிற்சியையும் ஒரே நேரத்தில் கைதட்டும் பயிற்சியையும் இணையத்தில் நடத்த முயல்வது வீண் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. ஆசிரியர் ஒருவர் குரலை மட்டும் திறந்துவைத்து, மாணவர்கள் தத்தம் மைக்கை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து சொல்வது ஒரு மாற்று. ஒருவர் அசைவை மற்றவர் அப்படியே பின்பற்றும் கண்ணாடிப் பயிற்சி, மிக மெதுவாகச் செய்தால் ஓரளவு கைகூடும்.

படத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது, கட்டங்களின் வரிசை ஒவ்வொருவர் திரையிலும் வேறுபடலாம் என்பது. ‘உன் இடப்பக்கத்தில் இருப்பவரிடம் பந்தை எறி’ என்று ஆசிரியர் சொன்னால் வகுப்பே குழம்பும். ஆசிரியர் வகுத்த வரிசையை எல்லோர் திரையிலும் ஒன்றுபோல அமைக்கும் வசதி ஜூமில் உள்ளது. நாடகத்துக்கு அது பெரிய உதவி. நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர் 2020 ஏப்ரல் 29 அன்று ஒளிபரப்பிய, ரிச்சர்ட் நெல்சன் எழுதி இயக்கிய நாடகம், ஜூமில் பேசிக்கொள்ளும் ஒரு குடும்பத்தையே கதைமாந்தராக்கிக் கட்டங்களையே களமாகக் கொண்டது. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதில்லை என்பதால், தற்படத்தை மறைக்கும் அமைப்பையும் முதல் நாளிலேயே கற்பிப்பது நலம்.

சிறுவர் வகுப்புகளில் பாதுகாப்பு தனி அக்கறைக்குரியது. ஜூம் தனிநபர் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானதன்று என்று உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலில் எச்சரித்து, கடவுச்சொல், காத்திருப்பு அறை போன்றவற்றைப் பயன்படுத்துமாறு வழிகாட்டியது. அதன்பின் அந்நிறுவனம் பல திருத்தங்களைச் செய்துள்ளது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. குழந்தைகள் நடிக்கும் வகுப்பைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்துமுன் ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தரவு தம் கையிலேயே இருக்க விரும்பும் குழுக்கள், மூலநிரல் திறந்த ஜிட்ஸி அல்லது கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிக்புளூபட்டன் ஆகியவற்றைத் தம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்; தொழில்நுட்பம் அறிந்தோர் நிறைந்த பெங்களூரில் அதற்கு ஆள் கிடைப்பது கடினமன்று.

இலவசக் கணக்குகளில் குழுச் சந்திப்புக்கு ஜூம் 40 நிமிடமும் கூகுள் மீட் 60 நிமிடமும் எல்லை வைத்துள்ளன. உடலும் குரலும் பயிற்சிக்குப் பதமாகும் வேளையில் அறுந்துபோகும் வகுப்பு மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி. கட்டணம் வாங்கும் ஆசிரியர் கட்டணக் கணக்கையே பயன்படுத்துவது முறை. குரலும் வசனமும் கற்பிக்கும் சிறு வகுப்புக்கு இன்றைய நிலையில் ஜூம் முந்தி நிற்கிறது. எந்த மென்பொருளானாலும், சேருமுன் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள்; அதில் ஒருமுறை முணுமுணுத்து, ஒருமுறை உரக்கக் கூவி, ஒருமுறை காலால் தரையைத் தட்டி, இம்மூன்றும் மறுமுனையில் எப்படிக் கேட்டன என்று ஆசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள்.