சிக்லிட் மீனின் மனையறமும் அதற்கேற்ற தொட்டியும்

தமிழாசிரியர்க்கு மீன் வளர்ப்பில் யாது அலுவல் என வினவுவார் உளர். அகவாழ்வைக் களவென்றும் கற்பென்றும் வகுத்துப் பயிற்றுவோர் நாம். ஒருவரையொருவர் தெரிதல் முன்னது. மனையறம் நடத்தல் பின்னது. இவ்விரண்டும் ஒரு கண்ணாடித் தொட்டியுள் ஒழுங்குற நிகழக் காண்போர் எம் அலுவலை எளிதில் உணர்வர்.

சிக்லிட் குடும்பத்து மீன்களுட் பெரும்பாலன ஆபிரிக்காவுக்கும் தென், நடு அமெரிக்காக்களுக்கும் உரியவை. நாம் உண்ணும் திலாப்பியாவும் 1950களில் இங்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க இனமே. எனினும் பச்சைக் குரோமைட், செம்மஞ்சட் குரோமைட் என்னும் இரண்டு சிக்லிட் இனங்கள் நம் களப்புகளுக்கே உரியன. சிங்களத்தில் இவற்றைக் கொறலியா என்பர். ஏறக்குறைய 3 அங்குலமே வளரும் செம்மஞ்சட் குரோமைட், பாடசாலைத் தொட்டிக்குப் பெரிதும் ஏற்றது.

தொட்டி 3 அடி நீளமும், அகலமும் உயரமும் ஒவ்வோர் அடியும் உடையதாயின் போதும். அது ஏறத்தாழ 85 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் நிறை மாத்திரம் 85 கிலோவாதலின், ஆடாத மேசை வேண்டும். வெயில் நேரே படலாகாது. அடியில் கழுவிய நுண்மணலை 2 அங்குலம் பரப்புக. தட்டையான கல்லொன்றும், கவிழ்த்த மட்சட்டி ஒன்றும் வைக்க. கல்லும் சட்டியும் முட்டையிடுதற்கு. மணல் குழி பறித்தற்கு.

சுண்ணக்கற் பாங்கான யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் வன்னீர் இம்மீனுக்கு ஒவ்வும். ஒன்பது பங்கு கிணற்று நீருக்கு ஒரு பங்கு கடல்நீர் சேர்ப்பின் இன்னும் நன்று. வெப்பநிலை 26 முதல் 28 பாகை சதமளவு இருத்தல் வேண்டும். வடிகட்டி பஞ்சினாலாயதாக இருக்க. இன்றேல் குஞ்சுகள் குழாயுள் இழுபட்டு மாயும்.

நீர் தெளிந்தவுடன் மீனை விடுதல் கேடு. கழிவிலிருந்து எழும் அமோனியா மீனுக்கு நஞ்சாம். அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பஞ்சிலும் மணலிலும் குடிகொள்ள 4 முதல் 6 கிழமை செல்லும். அதுவரை நாடோறும் சிறிது மீனுணவு இட்டு அதனை நீரில் அழுகவிடுக. பின்னர்க் கிழமைதோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக.

இனிக் களவியல். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்திருத்தலின், இரண்டை வாங்கி இணையென்று துணிதல் இயலாது. மனமொவ்வாத இரண்டை ஒரு தொட்டியுள் அடைப்பின் வலியது மெலியதைக் கொன்றுவிடவுங் கூடும். ஆறு இளமீன்களை ஒருங்கே வளர்க்க. பருவமெய்தியதும் இரண்டு ஒன்றையொன்று தெரிந்து, ஓரிடத்தைத் தமதாக்கி, ஏனையவற்றைத் துரத்தும். அப்பொழுது துரத்தப்பட்டவற்றை வேறிடம் சேர்ப்பதே நம் பணி. அவற்றைக் குளத்திலோ கேணியிலோ கொட்டலாகாது.

கற்பியல் கல்லைத் துப்புரவாக்குதலில் தொடங்கும். பெண் அதில் முட்டைகளை ஒட்டும். தாயும் தந்தையும் முறைமாறி நின்று செட்டையால் விசிறி நீரோட்டம் அளிக்கும். கெட்டு வெளுத்த முட்டைகளை அகற்றும். ஏறக்குறைய 5 நாளிற் பொரிப்பவற்றை வாயாற் கவ்வி மணற்குழியிற் சேர்க்கும். மேலும் ஒரு கிழமையளவில் அவை நீந்தும். நீந்துங் குஞ்சுகள் பெற்றோரின் உடலைப் போர்த்த சளியைக் கொறித்து உண்ணும். இவ்வியல்பை வாட், பார்லோ என்னும் ஆய்வாளர் 1967இல் விரித்தெழுதினர். இதனோடு உப்புநீர் இறாற் குஞ்சுகளையும் நாம் இடுதல் வேண்டும். நுளம்புக் குடம்பி வளர்த்து ஊட்டுதல் டெங்கு நோய்க்கு வழிகோலுதலாம்.

ஈண்டு ஒன்று வற்புறுத்துவோம். முதன்முறை இட்ட முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுதல் உண்டு. அதுகண்டு சினந்து, அடுத்த முறை கல்லோடு முட்டையை எடுத்துத் தனியே பொரிக்க முனைவார் பலர். குஞ்சுகள் பிழைக்கலாம், ஆயின் காவலும் ஊட்டலும் காணாமற்போம். காணவந்த காட்சியை நாமே அழித்தவராவோம். கண்ணாடியைத் தட்டுதல், இரவில் திடீரென விளக்கேற்றுதல், கூட்டங்கூடிப் பார்த்தல் முதலியன அச்சந்தந்து முட்டையைத் தின்னச் செய்வன. அவற்றை விலக்கிப் பொறுத்திருப்பின், இளம் இணை இரண்டொரு முறையிற் பழகிக்கொள்ளும்.

விஞ்ஞானகூடத்தில் இத்தகைய தொட்டியொன்று அமையுமாயின், மாணவர் நாடோறும் கண்டதைக் கண்டவாறே குறித்துவைக்க. கை நீட்டாது கண் செலுத்தப் பயிலுதல் எத்துறை கற்பார்க்கும் வேண்டுவதொன்றாம்.