செமஸ்டர் மார்க் குறைஞ்சிருக்கா? மறுமதிப்பீடு போடும் முன் இதைப் படிங்க!

ஒரே ஒரு அரியர் போதும், கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை கைநழுவிப் போக. அதனால்தான் ரிசல்ட் வந்ததுமே திருச்சி, ஸ்ரீரங்கம் மாணவர்களிடம் ஒரே கேள்வி: மறுமதிப்பீடு போட்டா மார்க் கிடைக்குமா?

யாரிடம் விண்ணப்பிக்கணும்?

செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, பிஷப் ஹீபர் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் தருவது பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்றாலும், தேர்வு நடத்தித் தாள் திருத்துவது கல்லூரிதான். எனவே கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை அணுக வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேதுராப்பட்டியில் உள்ள ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது.

மறுகூட்டல், மறுமதிப்பீடு: என்ன வித்தியாசம்?

மறுகூட்டலில் மார்க்கைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா, ஏதாவது விடை திருத்தாமல் விடுபட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொரு ஆசிரியர் முழுத் தாளையும் புதிதாகத் திருத்துவார். இன்டர்னல் மார்க் இரண்டிலும் மாறாது.

முதலில் நகல் வாங்குங்க

விடைத்தாள் நகலைப் பாடம் நடத்திய பேராசிரியரிடம் காட்டுங்கள். அவர் போடும் மார்க்குக்கும் வந்த மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் பணம் கட்டுவது நல்லது.

திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக் கடைசி தேதி முடிந்துவிடலாம். அதனால் பல்கலைக்கழகமோ கல்லூரியோ தரும் நகல் வசதிதான் வேகமான வழி.

எத்தனை பேருக்கு மார்க் மாறுது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வில் மறுமதிப்பீடு கேட்டவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் பாஸ் ஆனார்கள்; 16,636 பேருக்கு மார்க் கூடியது. அதாவது 10-ல் 3 பேருக்குப் பலன். ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து நம்பிக்கை வளர்க்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக, முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்பட 10 பேர் மீது 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது இந்தத் தேர்வில்தான்.

கோர்ட்டுக்குப் போகலாமா?

கஷ்டம்தான். விதியில் மறுமதிப்பீடு இல்லாத தேர்வில், அப்பட்டமான தவறு தெரிந்தால் மட்டுமே, அதுவும் அரிதாகவே நீதிமன்றம் தலையிடலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சந்தேகம் வந்தால் அதன் பலன் மாணவருக்கு அல்ல, தேர்வு நடத்தும் அமைப்புக்கே என்றும் சொன்னது.

மறக்கக் கூடாதவை

• மார்க் குறைந்தால் பழைய மார்க்கே நிற்குமா என்று விதியைப் பாருங்கள்.
• மார்க் வாங்கித் தருவதாகச் சொல்லும் புரோக்கர்களை நம்பாதீங்க.
• மறுமதிப்பீட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, அடுத்த செமஸ்டருக்கான அரியர் ஃபீஸ் கட்டாமல் விட்டுடாதீங்க.