கிடைக்காத உறுப்புகள்

தூத்துக்குடித் தோணியின் பலகை ஒன்று பழுதுற்றால், தச்சர் வேறு மரத்தை அறுத்து இழைத்து அவ்விடத்தில் பொருத்திவிடுவர். தோணி மீண்டும் கடலோடும். எந்திர ஊர்திகளுக்கு இவ்வெளிமை இல்லை. பழைய மோட்டார் வண்டியின் பல்சக்கரம் தேய்ந்தால், அதே அளவுடைய சக்கரமே வேண்டும். அதைச் செய்த தொழிற்சாலையோ என்றோ அத்தொழிலை நிறுத்தியிருக்கும். ஓடாது கிடக்கும் மற்றொரு வண்டியிலிருந்து கழற்றிக்கொள்வதே பலர் கையாளும் வழி. அதுவும் அடைபட்டால்?

நீலகிரி மலைப் புகைவண்டிக்கு இந்நிலையே நேர்ந்தது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, 12 அடித் தொலைவுக்கு 1 அடி உயரும் ஏற்றம் உண்டு. அங்கே வெறுஞ் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்துள்ளனர். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுகிறது. சாதாரணச் சக்கரங்களை இரண்டு உருளைகள் இயக்குகின்றன. அவற்றில் உழைத்து வெளிவரும் நீராவியே வேறு இரண்டு உருளைகளிற் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கடையில் கிடைக்கும் பொருளா இது?

இவ்வெஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரையிலும், மீண்டும் 1952-லும் செய்தளித்தது. அந்நிறுவனம் இன்று இல்லை. இந்தியாவில் வேறெந்தப் பாதையிலும் இவ்வகை எஞ்சின் ஓடவும் இல்லை. எனவே திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையே உறுப்புகளைச் செய்யலாயிற்று. பல்லின் அளவு பிழைத்து ஏற்றத்தில் பிடி நழுவினால், பயணிகளின் உயிருக்கே கேடு. இவ்வாறு உறுப்பு உறுப்பாகச் செய்து பழகிய அப்பணிமனை, 2011-இல் முழு எஞ்சின் ஒன்றையே புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பியது. அமைப்பு பழையதே, எரிபொருள் மட்டும் நிலக்கரிக்கு மாறாக எண்ணெய். 2014-க்குள் இத்தகைய எஞ்சின்கள் நான்கு ஆயின.