தகட்டை மடிக்கும் கைக்குக் கணக்கும் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் ஒரு தோசைக் கடைக்குள் நுழைபவர்களின் கண் நேராகக் கல்லின் மீதுதான் போகும். கல்லுக்கு மேலே தொங்கும் எவர்சில்வர் புகைக்கூண்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எண்ணெய்ப் புகையை உறிஞ்சிக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும் அந்தக் கூண்டும் குழாயும் தட்டையான தகட்டை வெட்டி மடித்துச் செய்யப்பட்டவை. மூட்டில் இடைவெளி இருந்தால் எண்ணெய் சொட்டும். உள்ளே எண்ணெய் படிந்து கிடந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

தகட்டு வேலை சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. கடைத்தொகுதிகளில் குளிர்காற்று ஓடும் குழாய்கள், மின்தூக்கியின் சுவர்கள், கணினிக் கருவிகளின் பெட்டிகள், சிலேத்தாரில் பழுதுபார்க்கப்படும் விமானங்களின் மேல்தோல் என்று எல்லாமே இந்தத் தொழிலுக்குள் அடங்கும்.

இருந்தாலும், உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளை “தொழில் கற்கப் போகிறேன்” என்று சொன்னால் பல வீடுகளில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. கைத்தொழிலுக்குப் போனால் படிப்பு அதோடு முடிந்துவிடும் என்பது பெற்றோரின் பயம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான ‘ஐடிஇ’க்கு “இதுதான் முடிவு” என்று பொருள் சொல்லிக் கேலி செய்த காலமும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதா? இதற்கு விடை காண, முதலில் தொழிலைப் பார்க்க வேண்டும். பிறகு அதைக் கற்கும் வழியைப் பார்க்கலாம்.

மடிப்புக்குள் ஒரு கணக்கு

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை ‘எல்’ வடிவில் மடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்க அளவு ஒருபுறம் 50 மில்லிமீட்டர், மறுபுறம் 30. அப்படியானால் 80 மில்லிமீட்டர் தகடு வெட்ட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் ஏறத்தாழ 78 மில்லிமீட்டர் போதும். இரு பக்கங்களையும் வெளியிலிருந்து அளக்கும்போது மூலை இரண்டு முறை கணக்கில் வந்துவிடுகிறது என்பதே காரணம். மடிப்பின் உள்வளைவும் தகட்டின் கனமும் மாறினால் இந்தக் கழிவும் மாறும். நான்கு மடிப்புள்ள பெட்டியில் இதைக் கவனிக்காமல் விட்டால் ஏழு மில்லிமீட்டர் வரை பிசகும். மூடி பொருந்தாது, தகடும் வீணாகும்.

குழாய்க்கும் இதே கதைதான். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குச் சுமார் 942 மில்லிமீட்டர் அகலத் தகடு தேவை, மூட்டுக்கு வேண்டியது தனி. அதே குழாய் ஒரு மூலையில் திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் அலைபோல வளைத்து வெட்ட வேண்டும். அந்த அலையை வரைய வடிவியல் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது இந்த வரைபடத்தைக் கணினி போட்டுத் தருகிறது, லேசர் இயந்திரம் வெட்டித் தருகிறது. ஆனாலும் மடித்த தகடு சற்றே திரும்பி விரியும். எவர்சில்வர் சாதாரண இரும்புத் தகட்டைவிட அதிகமாக விரியும். எவ்வளவு கூடுதலாக மடித்தால் சரியான கோணத்தில் வந்து நிற்கும் என்பது தொழிற்கூடத்தில் பலமுறை மடித்துப் பார்த்தவருக்கே பிடிபடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே முழு உண்மை. கணக்குத் தெரியாத கையும் தகட்டை வீணடிக்கும் என்பது அதே அளவுக்கு உண்மை.

தகடு வீணானால் வேறு தகடு வாங்கலாம். எல்லாப் பிழைகளும் அப்படித் திருத்தக்கூடியவை அல்ல. 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் மலையில் மோதியதில் 520 பேர் மாண்டனர், நால்வர் மட்டுமே பிழைத்தனர். விமானத்தின் பின்பகுதியில் காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்பு 1978இல் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. அங்கே ஒரே இணைப்புத் தகட்டை வைத்து, இரண்டு வரிசை ரிவெட்டுகள் பளுவைத் தாங்கும்படி செய்திருக்க வேண்டும். தகடு இரண்டு துண்டுகளாக வைக்கப்பட்டதால் ஒரு வரிசை மட்டுமே பளுவைச் சுமந்தது. ஏழு ஆண்டுகளில் அந்த இடம் விட்டுப்போனது. ரிவெட் அடிப்பது கையின் வேலை. வரைபடம் ஏன் அப்படிச் சொல்கிறது என்று புரிந்துகொள்வது படிப்பின் வேலை.

சிங்கப்பூர் கண்ட வழி

கையையும் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் முயற்சி சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1972இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. இளையர்கள் அங்கே துல்லியப் பொறியியல் கற்றனர். ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடும் இத்தகைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. 1979இல் தொழிற்பயிற்சிக் கழகம் உருவானது. 1990இல் ஜெர்மானிய முறையைத் தழுவிய புதிய பயிலுநர் திட்டம் வந்தது. ஜெர்மனியில் பயிலுநர்கள் வாரத்தின் பெரும்பாலான நாள்களைத் தொழிற்கூடத்திலும் ஓரிரு நாள்களைத் தொழிற்பள்ளியிலும் கழிப்பார்கள். 1992 ஏப்ரல் முதல் தேதி தொழில்நுட்பக் கல்விக் கழகம் தோன்றியது. இன்று அதற்குச் சீமெய், சுவா சூ காங், அங் மோ கியோ ஆகிய இடங்களில் மூன்று கல்லூரிகள் உள்ளன.

படிப்படியாக ஏறலாம்

‘தகட்டு வேலை’ என்ற பெயரை மட்டும் வைத்துப் படிப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இயந்திரப் பொறியியல், விமானப் பராமரிப்பு, குளிர்சாதனம் போன்ற படிப்புகளுக்குள் அது பரவிக் கிடக்கிறது. எந்தத் துறைத் தகடு என்பதைப் பிள்ளை முதலில் முடிவு செய்ய வேண்டும். விமானப் படிப்புகளுக்கு அங் மோ கியோவில் உள்ள மத்தியக் கல்லூரியைப் பார்க்கலாம்.

முன்பு நைடெக் சான்றிதழ் பெற்றவர்களில் ஒரு பகுதியினரே உயர் நைடெக்கிற்குப் போக முடிந்தது. 2022 முதல் கட்டங்கட்டமாக மூன்றாண்டுப் பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டதால் மாணவர்கள் நேரடியாக உயர் நைடெக் வரை படிக்க வழி பிறந்தது. அதற்குப் பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது 2018இல் தொடங்கப்பட்ட வேலை-கல்விப் பட்டயத்தில் சேரலாம். இதில் சேர்பவர் ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே, இரண்டரை முதல் மூன்று ஆண்டுகளில் பட்டயம் பெறுவார். பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்தில் நடக்கும், மற்றது கல்லூரியில். பழைய பயிலுநர் முறையின் இன்றைய வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

பட்டயம் வரை போகத் தயங்குபவர்களுக்காக 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்த, 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அவரது உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி சேரும். பட்டயம் பெற்றதும் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி சேரும்.

கையெழுத்திடும் முன்

வழி நன்றாக இருந்தாலும் நிறுவனம் சரியாக அமையாவிட்டால் பயன் குறைவு. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து சில கேள்விகளைக் கேட்பது நல்லது. அன்றாடம் கற்றுக்கொடுக்கப் போகும் மூத்த ஊழியர் யார்? வரைபடம் படிக்கவும் விரிப்பு போடவும் வாய்ப்புத் தருவார்களா, அல்லது மூன்றாண்டும் ஒரே இயந்திரத்தில் பொத்தானை அழுத்த வேண்டியதுதானா? வேலை நெருக்கடி என்று கல்லூரி நாளை ரத்து செய்ய மாட்டார்களே? கத்தியைப் போல வெட்டும் தகட்டோரத்தில் வேலை செய்ய என்னென்ன பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளன? பட்டயம் பெற்ற பின் பதவியும் சம்பளமும் எப்படி மாறும்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் நிறுவனத்தையே நம்பலாம்.

ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தமிழக ஊழியர்களில் ஐடிஐ படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டு ஐடிஐகளில் தகட்டுத் தொழிலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இங்கே கட்டுமானத் துறையில் திறன் தேர்வு எழுதி உயர்திறன் நிலையைப் பெறும் ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய தீர்வையும் குறைகிறது. கற்ற கைக்கு ஒரு தாள் துணை நின்றால் அதன் மதிப்பு கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு மௌனமாகிவிடும் பெற்றோர், கல்லூரியின் திறந்தநாளில் பிள்ளையோடு தொழிற்கூடத்துக்குள் ஒருமுறை நடந்து பார்க்கலாம். அங்கே ஒரு தகடு பெட்டியாவதை நேரில் கண்ட பிறகு வீட்டில் அந்தப் பேச்சைத் தொடரலாம்.