வீடுதோறும் ஒரு வினா

நோயாளியின் படுக்கையருகே நின்று பணிவிடை செய்வதே செவிலியர் தொழில் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அதற்குப் பட்டம் எதற்கு, ஆராய்ச்சி எதற்கு என்று சித்தையன்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டவர் உண்டு.

1860 இல் இலண்டனில் செவிலியர் பள்ளி நிறுவிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களினும் நோயால் இறந்தவர்களே மிகுதி என்பதைக் கணக்கிட்டு நாட்டினார். ஆகவே, எண்ணியறிதல் இத்தொழிலுக்குப் புதிதன்று. நம் நாட்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 இல் செவிலியர் பட்டப்படிப்புத் தோன்றியது. முதுநிலைப் படிப்பு டெல்லியில் 1959 இல் தொடங்கிற்று. அதே ஆண்டில் நம் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமத்தின் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கி, கிராமங்களையே ஆய்வுக்களமாகக் கொண்டது.

இன்று முதுநிலை மாணவி ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். சமுதாய நலப் பிரிவினர் அதற்கு ஊர்களை நாடுகின்றனர். எடுத்துக்காட்டாக, கருவுற்ற பெண்களின் இரத்தச்சோகையைக் கொள்வோம். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் சிலர் விழுங்குவதில்லை. ஏன்? குமட்டுகிறது என்பார் ஒருத்தி. மலம் கறுத்ததால் அஞ்சினேன் என்பாள் மற்றொருத்தி. காப்பியோடு விழுங்கிப் பயனை இழப்பாள் இன்னொருத்தி. மாணவி இவற்றைக் கேட்டறிந்து, மலம் கறுப்பதால் தீங்கில்லை, காப்பி, தேநீரோடு மாத்திரை வேண்டா, எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைசெய்யும் என்று விளக்குகிறாள். சில வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தத்தைச் சோதிக்கிறாள். சொன்னது பயன் தந்ததா என்பதை அளந்து காண்பதே ஆராய்ச்சி.

ஆயினும் ஒரு குறை. எங்கள் தெருவில் ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "ஐயா, வந்து கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. என்ன கண்டாங்கன்னு யாருமே சொல்லலையே!" அச்சொல் என்னைச் சுட்டது. விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடாத ஆசிரியர் பாதிப் பணியே செய்தவர். ஆய்வேடு நூலக அலமாரியில் உறங்குமாயின், மாணவிக்குப் பட்டம் கிடைக்கும். அத்தாய்க்கு என்ன கிடைக்கும்?

ஆகவே, மாணவியர் தம் முடிவுகளை எளிய தமிழில் எழுதி, அவ்வூர் அங்கன்வாடியில் தாய்மாரைக் கூட்டிப் படித்துக் காட்டுதல் வேண்டும். நாமும் அவர்கள் வரும்போது கதவைத் திறப்போம். விருப்பமிருந்தால் உண்மையைச் சொல்வோம். முடிவைத் தவறாது கேட்டுப் பெறுவோம். விடையளித்தவருக்கு அம்முடிவில் பங்குண்டு.